அணைக்கக் கூடாத பெட்டி

ஜனவரியில், ஆற்றில் சிலுவையை எறிந்து எடுக்கும் திருநாள் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியின் மின்சாரத்தைப் பதினைந்தே நிமிடம் நிறுத்தப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். பழைய மின்பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும் வேலை. ஆபரேஷன் அறைகளுக்கும் தீவிர சிகிச்சைக்கும் ஜெனரேட்டர் இருந்தது. கீழ்த்தளத்தில் சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்த திலியானாவின் அறைக்கு மட்டும் ஜெனரேட்டர் கம்பி இன்னும் வந்து சேரவில்லை. அங்கே ஒரு பாட்டரி இருந்தது. இருபது நிமிடம் தாங்கும்.

திலியானா ஆறரைக்கே வந்துவிட்டாள். டான்யூப் ஆற்றின் பல்கேரியக் கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில், அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே ஆள் அவள்தான். ஐம்பத்து மூன்று வயது. கனத்த உடம்பு, சின்னக் குரல். கழுத்தில் எப்போதும் கம்பளித் துண்டு, ஏனென்றால் அவள் அறையில் கோடையிலும் குளிர்காற்று இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அவளுடைய கவலையெல்லாம் ஒரு பெட்டியைப் பற்றித்தான். ஸ்விட்ச் என்பார்கள். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. ஆஸ்பத்திரியின் அத்தனை கம்ப்யூட்டர்களிலிருந்தும் வருகிற கம்பிகள் கடைசியில் வந்து சேரும் இடம் அது. ரத்தப் பரிசோதனை முடிவோ, எக்ஸ்ரே படமோ, மருந்துச் சீட்டோ, எதுவானாலும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். சின்ன ஃப்ரிட்ஜ் அளவு இருக்கும். பதினொரு வருடத்துக்கு முன்னால் அதை மாட்டி ஓடவிட்டவள் திலியானா. அதற்குப் பிறகு அது ஒரு நிமிடம்கூட அணைந்ததில்லை.

எலெக்ட்ரீஷியன் மெத்தோதி அதற்காகவே அவளைச் சீண்டுவான். அன்றும் கருவிப் பையோடு வாசலில் எட்டிப் பார்த்தான்.

"பேரு மட்டும் ஸ்விட்ச்சு. ஆனா அணைக்கக் கூடாது. இப்படி ஒரு அநியாயத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல அக்கா."

"இருபது நிமிஷம்தான் மெத்தோதி. அதுக்கு மேல போகாம பார்த்துக்க."

"பதினஞ்சுக்குள்ள முடிச்சிட்டு உன்னோட காபி குடிக்கிறேன், பாரு."

இத்தனை காலம் ஓயாமல் ஓடிய இயந்திரத்தை அணைத்தால் மறுபடி எழுந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, மாற்று வாங்கி வையுங்கள் என்று அவள் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றையும் பதிவுப் புத்தகத்தில் ஏற்றி எண்ணும் வாங்கியிருந்தாள். பதில் வரவில்லை. தன்னால் முடிந்ததாக, பெட்டியின் அமைப்புகளை எல்லாம் மடிக்கணினியில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஏழுக்கு மின்சாரம் போனது. புதிய பலகையின் துளைகள் சுவரில் இருந்த ஆணிகளோடு பொருந்தவில்லை. மெத்தோதி துளை போடும் சத்தம் மேலேயிருந்து கேட்டது. ஏழு பதினேழுக்குப் பாட்டரி கத்த ஆரம்பித்தது. அவள் படியேறி ஓடினாள். "இன்னும் அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம்!" என்றான் மெத்தோதி, வாயில் திருகாணிகளோடு. அவள் கீழே திரும்பி வருவதற்குள் பாட்டரி அடங்கிவிட்டது. பெட்டியின் காற்றாடிகள் மெல்லச் சுற்றி நின்றன. பக்கத்துச் சலவை இயந்திரமும் நின்றிருந்தது. அந்த அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

எட்டு பத்துக்கு மின்சாரம் வந்தது.

காற்றாடிகள் உறுமிக்கொண்டு எழுந்தன. அந்தப் பெட்டியில் தலைமை அட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்று செத்தால் மற்றது பொறுப்பேற்றுக்கொள்ளும், அதற்காகத்தான் இரண்டு. இரண்டின் விளக்கும் பச்சையாக வேண்டும். திலியானா முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். இரண்டும் மஞ்சளிலேயே நின்றன.

நீலக் கம்பியை எடுத்துப் பெட்டியின் முகப்பில் சொருகி, மறுமுனையை மடிக்கணினியில் மாட்டினாள். பெட்டி தனக்குத்தானே பேசிக்கொள்வதை அந்தக் கம்பி வழியாகப் படிக்கலாம். வரிகள் ஓடின. மின்சாரம் சரி. காற்றாடி சரி. கடிகாரம் சரி. நினைவகச் சோதனை என்று வந்ததும் வரி அப்படியே நின்றது. நூறு எண்ணும் நேரம் கழித்துத் திரை காலியானது. மறுபடி முதலிலிருந்து: மின்சாரம் சரி, காற்றாடி சரி.

மூன்று சுற்று பார்த்தாள். எழுந்து எல்லா இணைப்பு அட்டைகளையும் ஒவ்வொன்றாக உருவினாள். இடித்துக்கொண்டிருப்பது எதுவென்று தெரிய வேண்டுமல்லவா. ஒன்றுமில்லாத வெறும் கூட்டில் ஒரே ஒரு தலைமை அட்டையை மட்டும் விட்டு ஓடவிட்டாள். அதே இடம். இன்னொரு அட்டையைப் போட்டாள். அதே இடம். மின்வழங்கியை மாற்றினாள். அதே இடம்.

டைரக்டர் டாக்டர் அசேனோவ் வீட்டிலிருந்து நேரே வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"எத்தனை நிமிஷம் ஆகும்?"

"தெரியல டாக்டர்."

"ஒரு மணி நேரம்னு சொல்லட்டுமா எல்லாருக்கும்?"

"சொல்லாதீங்க. எனக்கே தெரியாததை நீங்க எப்படிச் சொல்வீங்க?"

அவர் சிறிது நேரம் மஞ்சள் விளக்குகளைப் பார்த்தார். அவை தனக்கும் ஏதாவது சொல்லும் என்று நினைத்தவர் போலிருந்தது. பிறகு போய்விட்டார்.

திலியானா நினைவகப் பட்டையைக் கழற்றினாள். அதன் தங்கப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை வரி தாண்டியது! நினைவகம் சரி என்றது. அடுத்ததாகத் தன்னுடைய நிரலைத் தேடி எடுத்துப் படிக்கத் தொடங்கியது. புள்ளி புள்ளியாகத் திரை நிறைந்தது. அவள் தன்னை அறியாமல் பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தாள், ஜுரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல. பாதியில், நிரல் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புள்ளிகள் நின்றன.

நிரலின் நகல் அவளிடம் இருந்தது. ஆனால் அதை உள்ளே அனுப்ப அந்த நீலக் கம்பி ஒன்றுதான் வழி, அது எறும்பு வேகத்தில் போகும். வேகத்தைக் கூட்டி வைத்தும் ஐம்பது நிமிடம் என்றது. அவள் உட்கார்ந்தாள்.

அந்த ஐம்பது நிமிடமும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பரிசோதனைக் கூடத்துக்காரி, எக்ஸ்ரே அறைக்காரர், மருந்தகத்துப் பெண். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவளும் திரையில் ஊர்ந்த எண்ணைக் காட்டினாள். பிரசவப் பிரிவிலிருந்து தலைமை மருத்துவச்சி ருஸ்கா வந்தாள். இருவரும் ஒரே குடியிருப்பில் இருபத்தைந்து வருடம் மேலும் கீழுமாக வாழ்ந்தவர்கள். திலியானாவின் கணவன் ஸ்பெயினுக்கு ஆரஞ்சுத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டபோது, அவள் மகளைப் பள்ளிக்கு அனுப்பியதில் பாதி ருஸ்காதான். அந்த மகளும் இப்போது அப்பன் போன திசையிலேயே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டாள்.

ருஸ்கா எதையும் கேட்கவில்லை. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸா துண்டு ஒன்றைப் பையிலிருந்து காகிதச் சுற்றோடு எடுத்து மேசையில் வைத்தாள். "தின்னுடி முதல்ல. வெறும் வயித்தோட நீ முறைச்சா அது பயந்துக்கும்."

தொண்ணூற்றொன்பது சதவீதம் வந்து, நூறு வந்தது. பெட்டி எண்ணிப் பார்த்தது. வந்த நிரலும் வர வேண்டிய நிரலும் ஒத்துப்போகவில்லை என்றது. திலியானா மறுபடி தொடங்கிவைத்தாள். இந்தத் தடவை பன்னிரண்டாவது நிமிடத்திலேயே பெட்டி தானாகச் செத்து எழுந்து, நினைவகச் சோதனையில் வந்து நின்றுகொண்டது. ரப்பரால் எத்தனை தேய்த்தும் அதற்குப் பிறகு அந்த வரியைத் தாண்டவே இல்லை.

ஸோஃபியாவில் இருந்த விற்பனையாளர் கம்பெனியின் பொறியாளன் காலினை அலைபேசியில் பிடித்தாள். பின்னணியில் குழந்தை அழுதது.

"அட்டை ரெண்டோட வரிசை எண்ணையும் படிங்க அக்கா." படித்தாள். அவன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "ரெண்டும் ஒரே நாள்ல செஞ்சது. அந்த வருஷத்து நினைவகச் சில்லுல ஒரு கோளாறு இருக்கு. ஓடிக்கிட்டிருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரு தடவை அணைஞ்சுதுன்னா எந்திரிக்காது."

"அதுக்குத்தானே ரெண்டு வச்சிருக்கோம்?"

"ரெண்டும் ஒண்ணாத்தானே ஓடுச்சு, ஒண்ணாத்தானே அணைஞ்சுது?"

"சரி, நான் இப்ப என்ன பண்ணட்டும்? சொல்லு. எதைச் சொன்னாலும் பண்றேன்."

"அக்கா, நீங்க பண்ண வேண்டியதையெல்லாம் பண்ணிட்டீங்க. புது அட்டைதான் வரணும். அந்த மாடலை இப்ப யாரும் செய்யறதில்ல. நாளைக்குத் தேடிப் பார்க்கிறேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

அவள் கைபேசியை வைத்துவிட்டு, மறுபடி பெட்டியை அணைத்துப் போட்டாள். ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் போட்டாள். அன்று மாலைக்குள் அப்படி நாற்பது தடவையாவது போட்டிருப்பாள்.

மதியம் டைரக்டரின் செயலாளர் அறையிலிருந்தும் பதிவு அலுவலகத்திலிருந்தும் சின்னப் பெட்டிகள் இரண்டைப் பிடுங்கி வந்தாள். வீட்டில் வைக்கிற சாதாரணப் பெட்டிகள். அவற்றில் மாட்ட முடிந்தது இருபத்து நான்கு கம்பி. பெரிய பெட்டியிலோ முந்நூற்றுக்கு மேல் இருந்தது. அவசரப் பிரிவு, பரிசோதனைக் கூடம், ரத்த வங்கி, எக்ஸ்ரே, தீவிர சிகிச்சை என்று மாட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு மணிக்கு அவையெல்லாம் பேசத் தொடங்கின. மீதி ஆஸ்பத்திரி காகிதத்துக்குப் போனது.

ருஸ்கா மறுபடி வந்தாள். இந்தத் தடவை பனித்ஸா இல்லை. "எங்களுக்கு ஒரே ஒரு கம்பி குடுடி. பரிசோதனைக் கூடத்தோட பேசினா போதும். ரத்த வகையைப் போன்ல கேட்டு வாங்கக் கூடாதுன்னு விதி. மூணு பேர் வலியில இருக்காங்க. ஒருத்தி நிலைமை எனக்குப் பிடிக்கல."

"உங்க கட்டடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. அங்கேருந்து வர்றது கண்ணாடி இழைக் கம்பி. இந்தச் சின்னப் பெட்டியில அதைச் சொருக ஓட்டையே இல்ல ருஸ்கா."

"ஓட்டை போட முடியாதா?"

"முடியாதுடி."

"வேற வழி?"

திலியானா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். காலையிலிருந்து பார்த்த மஞ்சள் விளக்கைத் தவிர தலைக்குள் ஒன்றும் இல்லை. "இல்ல," என்றாள்.

"அப்ப காலு இருக்கு," என்றாள் ருஸ்கா. அறுபது வயதுக் கால்கள்.

பிரசவப் பிரிவில் அன்று இருந்தது இரண்டு மருத்துவச்சிகளும் ஒரு உதவிப் பெண்ணும்தான். வெளிநாடு போனவர்கள் போக மிச்சம் அவ்வளவுதான். ரத்த மாதிரிக் குழாய்களை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடப்பதும், முடிவுத் தாளை வாங்க மறுபடி போய் வருவதுமாக ருஸ்காவே நடந்தாள். காலையில் பெய்த மழை மூன்று மணிக்கெல்லாம் கண்ணாடியாக உறைந்துவிட்டது. ஆறாவது நடையில், கையில் ரத்த வகைத் தாளோடு, பிரசவக் கட்டடத்தின் வெளிப்படியில் அவள் விழுந்தாள்.

உதவிப் பெண் ஓடிவந்து தூக்கப் பார்த்திருக்கிறாள். "என்னை விடு! தாளை எடுத்துக்கிட்டு உள்ள ஓடு, அவளுக்கு ரத்தம் போயிட்டிருக்கு" என்று கத்தியிருக்கிறாள் ருஸ்கா. பிரசவத்தில் இருந்த பெண்ணுக்கு வேளையோடு ரத்தம் கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ருஸ்கா பனிப்படியில் பதினைந்து நிமிடம் கிடந்தாள்.

மெத்தோதிதான் கீழ்த்தளத்துக்கு வந்து சொன்னான். அவன் முகத்தைப் பார்த்ததும் திலியானா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

எக்ஸ்ரே அறையின் கம்பி வேலை செய்தது. அவளே மத்தியானம் மாட்டிய கம்பி. இடுப்பெலும்பு உடைந்த படம் ஒரு நொடியில் அவசரப் பிரிவுத் திரையில் வந்து நின்றது. அறுவை செய்யக்கூடியவர் எங்கள் ஊரில் இல்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை திலியானா தள்ளுகட்டில் பக்கத்தில் நின்றாள்.

"உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றாள் ருஸ்கா. வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். "எந்திரிச்சுதா அது?"

"இல்ல."

"நானும் எந்திரிக்கல," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இடுப்புக்கு இறங்கியதும் முகம் கோணியது.

ஆம்புலன்ஸ் போனதும் திலியானா வேறெங்கே போவது என்று தெரியாமல் கீழ்த்தளத்துக்கே போனாள். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. மின்சாரம் சரி, காற்றாடி சரி, கடிகாரம் சரி.

மூடிப்போன ஒரு வங்கிக் கிளையில் கிடந்த பழைய பெட்டி ஒன்றைக் காலின் தேடிப் பிடித்து, வியாழக்கிழமை தன் காரிலேயே கொண்டுவந்தான். மாட்டிப் போட்டதும் நான்கே நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கதவருகே நின்றவர்கள் கைதட்டினார்கள். திலியானா கம்பிச் சுருளின் மேல் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்திருந்த அமைப்புகளின் நகலை அதில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடத்தில் பீன்ஸ் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய கரண்டி பாதியில் நின்றது.

கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன் அவள் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள். பத்தொன்பது வயதில் சேர்ந்து, நிலையத்தை மூடும்வரை செப்புக் கம்பிகளை இணைத்துக்கொண்டிருந்தவள். பிரசவக் கட்டடத்துக்குத் தொலைபேசி இழுத்தவர்களில் அவளும் ஒருத்தி. முற்றத்துக்கு அடியில் பன்னிரண்டு ஜோடிச் செப்புக் கம்பி போகிறது. தொலைபேசிக் கம்பியின் இரு முனையிலும் ஒவ்வொரு சின்னக் கருவியை மாட்டினால் கம்ப்யூட்டர்கள் அதன் வழியே பேசும். மெதுவாகப் பேசும், ஆனால் ஒரு ரத்த முடிவுக்கு அது தாராளம். ஆவணக் கிடங்கை மூடியபோது கழற்றிய அந்தக் கருவிகள் இரண்டும் அவள் அலமாரியிலேயே கிடந்தன.

சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். சோதனைக் கருவியோடு பிரசவக் கட்டடத்துக்குப் போய், ரேடியேட்டருக்குப் பின்னால் சாயம் பூசி மறைந்திருந்த பழைய தொலைபேசிப் பெட்டியைத் திறந்தாள். ஒன்று முதல் பதினொன்று வரை ஜோடிகள் செத்திருந்தன. ஒவ்வொன்றும் செத்திருக்கக் கண்டு அவளுக்கு மூச்சு லேசானது. பன்னிரண்டாவது ஜோடி உயிரோடிருந்தது.

அன்று செய்திருந்தால் அரை மணி நேர வேலை. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த அறையில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

விசாரணைக் குழு இரண்டு வாரம் கழித்து வந்தது. மூன்று கடிதங்களின் பதிவு எண்களை அவள் எழுதிக் கொடுத்தாள். அந்த வருடங்களின் பதிவுப் புத்தகம் இடம் மாற்றும்போது தவறிவிட்டதாகச் சொன்னார்கள். டாக்டர் அசேனோவ் அவளுடைய கண்ணைப் பார்க்காமல், "யாராலும் முன்கூட்டித் தெரிஞ்சிருக்க முடியாதுன்னு நானும் எழுதியிருக்கேன்" என்றார். அது அவளுக்கு உதவியா உபத்திரவமா என்று அவருக்கே விளங்கவில்லை. மெத்தோதி தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிச் சத்தம் போட்டான். மின்பலகை வேலை இந்த விசாரணையில் சேராது என்று அவனை வெளியே அனுப்பினார்கள். முடிவில் 'முறையான தயாரிப்பின்மை' என்று ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டாவது ஜோடியைப் பற்றிக் குழு கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

ருஸ்கா பிப்ரவரி கடைசியில் வீடு திரும்பினாள். நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவள் கீழே இறங்கவில்லை. வேலை முடிந்து திலியானா தினமும் அங்கே போய், ரொட்டி வாங்கி வைத்து, அடுப்பைத் துடைத்துவிட்டுத் தன் வீட்டுக்கு இறங்குவாள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமல் ஒரு மாதம் தள்ளினாள்.

ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டாள். செப்புக் கம்பியை, அலமாரியில் இருந்த கருவிகளை, அரை மணி நேரத்தை. ருஸ்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு ஞாபகம் வரல. அவ்வளவுதானே?"

"வந்திருக்கணும். நீ வேற வழி இருக்கான்னு கேட்டே. நான் இல்லன்னேன்."

"ஆமா. கேட்டேன்." மடியில் இருந்த போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். ஆத்திரப்படுகிறாளா என்று திலியானா பார்த்தாள். தெரியவில்லை. "இதை வேற யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. விசாரணைக்காரங்க எழுதிக்குவாங்க."

"நீ என்னைத் திட்டவாவது செய்யேன்."

"திட்டினா இடுப்பு கூடிருமா?" என்றாள் ருஸ்கா. பிறகு கைத்தடியைத் தேடினாள். "எந்திரி. என்னைப் பிடி. இன்னிக்கு முற்றம் வரைக்கும் போய்ப் பார்க்கலாம். லிண்டன் மரம் தளிர் விட்டிருக்கான்னு ஒரு மாசமா மேலேயிருந்தே பார்க்கிறேன், ஒண்ணும் தெரியல."

திலியானா அவளைத் தோளில் தாங்கிக்கொண்டாள். கதவைத் திறந்து, கைப்பிடிக் கம்பியைப் பற்றி, முதல் படி இறங்கினார்கள். இரண்டாவது படி. மூன்றாவதில் ருஸ்காவின் கால் நடுங்க ஆரம்பித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"போதும்டி," என்றாள். "மேல கூட்டிட்டுப் போ."

மூன்று படியும் ஏற அவர்களுக்குக் கால் மணி நேரம் ஆனது.